தவக்களைக்கு ஒரு மண் குதிரை

1

காலையில் பஸ் டிப்போவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மேலகரத்தில் எங்கள் வீட்டு வாசல். என்னுடைய பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் கார் கூரையை மடக்கிவிட்டு நிற்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என் மகள் கோமதி. பக்கத்து இருக்கையில் அக்காவின் கணவர், என் அத்தான், நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் பித்தளைத் தாம்பாளம். அதில் தேங்காய், பழம், வெற்றிலை, நடுவே சந்தனமும் குங்குமமும் வைத்த இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்கள். இங்கிலாந்திலிருந்து நான் மகளிடம் கொடுத்தனுப்பிய புது பிரேக் ஹோஸ்கள்.

படத்துக்குக் கீழே கோமதி எழுதியிருந்தாள்: "புது பிரேக்குக்குப் பூஜை போட சாஸ்தா கோயிலுக்குப் போறோம். நான்தான் டிரைவர்!"

மறுபடியும் படித்தேன். புது பிரேக் தாம்பாளத்தில் இருக்கிறது. அப்படியானால் காரில் இருப்பது என்ன?

காரில் இருப்பது பழைய ஹோஸ். போன வருடம் நான் ஊருக்குப் போயிருந்தபோது கையால் வளைத்துப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த புளியம்பழ ஓடு மாதிரி விரிசல் விட்டிருந்தது. அதை மாற்றாமல் தெருமுனையைத் தாண்டக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். தலையை நன்றாகத்தான் ஆட்டினார்கள்.

கோமதிக்குப் போன் போட்டேன், போகவில்லை. மலையடிவாரத்தில் தோப்புகளுக்குள் இறங்கிவிட்டால் சிக்னல் கிடையாது. அத்தானுக்குப் போட்டேன், அதுவும் போகவில்லை. அக்கா போன் அடித்துக்கொண்டே இருந்தது. சமையல்கட்டில் சார்ஜில் போட்டுவிட்டு, பொங்கல் சாமான்களோடு பின்னால் ஆட்டோவில் போயிருப்பாள். இரண்டு பேர் மட்டும் உட்காரும் காருக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆட்டோ போகும், அது எங்கள் வீட்டு வழக்கம்.

நான் பஸ் டிரைவர். வண்டியில் ஏறிவிட்டால் போனை அணைத்துப் பையில் வைத்துவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். மனைவி ஆஸ்பத்திரி வார்டில் டியூட்டியில் இருந்தாள், அவளிடம் சொல்லவில்லை. ஒருத்தர் பதறினால் போதாதா? போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

2

காரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, முழங்கால் உயரக் கதவு. முன்விளக்கு இரண்டும் மேலே துருத்திக்கொண்டிருப்பதால் மேலகரத்தில் அதற்குத் தவக்களை என்று பேர். தவளையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நான் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அதைப் பார்த்தேன். ஷெட்டில் கிடந்தது. டிரைவர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்கு ஒரு சீசன் முழுக்க வேன் ஓட்டிச் சேர்த்ததைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் நிறுத்தியதும் அக்கா கேட்டாள்: "நாலு பேரு போவ முடியாத வண்டி என்னத்துக்குலே?"



கேரளப் பதிவை நம் பக்கம் மாற்ற நான் பட்ட பாடு நாய் படாது. சேஸிஸ் நம்பரைக் காகிதத்தில் பென்சிலால் தேய்த்து எடுத்து வரச் சொன்னார்கள். துருவில் பாதி நம்பரைக் காணோம். கவுன்ட்டரில் இருந்தவர், "இந்த வண்டி கம்ப்யூட்டர்ல இல்லையே" என்றார். "வண்டி வெளிய நிக்குதே சார்" என்றேன். "நிக்கது வேற, இருக்கது வேற" என்றார். அப்படியொரு தத்துவத்தை அதன்பிறகு நான் கேட்டதில்லை.

பிறகு கல்யாணம். மனைவி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன். செங்கோட்டை மலைப்பாதையில் கண்ணை மூடிக்கொண்டு வேன் திருப்பியவனுக்கு இங்கே லைசென்ஸ் செல்லாது என்றார்கள். பழகுநர் என்பதற்கான சிவப்பு 'எல்' எழுத்தை வண்டியில் ஒட்டிக்கொண்டு, என்னைவிடச் சின்னப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்ச் எது என்று காட்டிக்கொடுக்க, ஆதியிலிருந்து கற்றேன்.

நான் பஸ் ஓட்டும் வழியில் ஒரு தொழிற்சாலைக் கட்டிடம் இருக்கிறது. இப்போது அதை வீடுகளாக்கிவிட்டார்கள். தவக்களையைச் செய்த இடம் அதுதான் என்று வந்து பல வருடம் கழித்துத் தெரிந்தது. அது பிறந்த ஊரில் நான் இருக்கிறேன். நான் பிறந்த ஊரில் அது நிற்கிறது. அதை இங்கே கொண்டுவர ஆகும் செலவுக்கு இங்கேயே வேறொன்று வாங்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். வாங்கலாம்தான். அதில் ஐந்தருவிக்குப் போக முடியாதே.

3

அன்று காலை இங்கேயும் தூறல். தினமும் செய்வதுபோல் பஸ்ஸைச் சுற்றி வந்து டயர், விளக்கு, கண்ணாடி எல்லாம் பார்த்தேன். பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன். முன்பின் தெரியாத ஊராருக்கெல்லாம் தினமும் பிரேக்குக்கு உறுதி கொடுக்கிறேன், பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க முடியவில்லை.

எனக்குப் பயம் கூடப்பிறந்தது. சும்மா இருக்கும்போதே கற்பனை நாலு ஊர் சுற்றும். அன்று கேட்கவேண்டுமா? மேலகரத்திலிருந்து சாஸ்தா கோயில் வரை உள்ள பாதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் கண்ணாடிக்கு முன்னால் ஓடியது. சீசன் நேரம். குற்றாலம் ரோட்டில் வெளியூர் வேன்கள் கண்மண் தெரியாமல் வரும். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சனங்கள் நடுரோட்டில் நடப்பார்கள். குரங்கு குறுக்கே பாயும். அதைத் தாண்டித் தோப்புப் பாதையில் திரும்பினால் ஒரு வாய்க்கால் பாலம் வரும், கைப்பிடிச் சுவர் இல்லாதது. போகும்போது ஏற்றம், கவலையில்லை. திரும்பி வரும்போது முழுக்க இறக்கம். இறங்கி வந்த வேகத்தில் பாலத்துக்கு முன்னால் வண்டியை மடக்கித் திருப்ப வேண்டும்.

அந்த வளைவில் எத்தனை முறை அவளை விழவிட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு நிறுத்தத்தில், எப்போதும் வரும் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி கைத்தடியோடு இறங்கினார். "பாத்து எறங்குங்க ஆச்சி" என்று தமிழிலேயே என் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் ஒன்றும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை, தலையாட்டிவிட்டு நன்றி சொல்லிப் போனார்.

கடைசி நிறுத்தத்தில் சின்ன இடைவேளை. போனை எடுத்தேன். கோமதிக்கு நான் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றிலும் ஒற்றை டிக். மெக்கானிக் சுடலைக்குப் போன் போட்டேன். குத்துக்கல்வலசையில் பட்டறை வைத்திருக்கிறான், தவக்களைக்கு வைத்தியன் அவன்தான். நல்லவேளை, எடுத்தான்.

"அண்ணாச்சி, நேத்தே மாட்டித் தாரேன்னு சொன்னேன். ஒங்க அக்காதான் கேக்கல. நாளைக்கு ஆடி பொறக்கு, ஆடியில புதுச் சாமான் மாட்டக்கூடாதுன்னுட்டாவ. சரி, அதுக்கு முன்னாலயே மாட்டிருவோம்னேன். சாமி காலடியில வைக்காம எப்படி மாட்டன்னாவ. நான் என்ன செய்யட்டும்?"

"வண்டி எப்படிலே இருக்கு?"

"பெடலு கொஞ்சம் கீழ எறங்கும் அண்ணாச்சி. ரெண்டு தடவ மிதிச்சா நிக்கும். பாப்பாட்ட சொல்லியிருக்கேன். ஹேண்ட் பிரேக்கப் பத்திக் கேக்காண்டாம். பின்னால பிரேக் லைட்டும் ஒண்ணு எரியல."

ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு மறுபடியும் பஸ்ஸை எடுத்தேன்.

4

இவ்வளவு பயப்படுகிறவன் அந்தக் காரை ஏன் இத்தனை வருடம் வைத்திருந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். வைத்திருப்பதா? அது என்னை வைத்திருந்தது என்பதே சரி. சாரல் வண்டியை நனைக்காது, ஊறவைக்கும். தரைத்தகடு இரண்டு முறை ஓட்டையாகிப் புதிதாக வெட்டிப் பற்றவைத்தோம். எலி வயரைக் கடித்தது. எலிக்கு வைத்த புகையிலை வாசனை இன்னும் போகவில்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார் சாமான் சந்தை கூடும். மற்றவர்கள் வாரக்கடைசியில் மீன் பிடிக்கப் போவார்கள், நான் மண்டி போட்டுத் துருப்பிடித்த பெட்டிகளைக் கிளறுவேன். ஊருக்குப் போகிறவர்கள் சாக்லேட் கொண்டுபோனால் என் பெட்டியில் பிரேக் ஷூ இருக்கும். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் ஒரு அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்து, "இது எந்தா?" என்றார். கார் சாமான் என்றேன். நாட்டில் கார் சாமான் கிடைக்காதா என்று கேட்டுவிட்டு, பாவம் பார்த்து விட்டுவிட்டார்.

ஆனால் சீசனில் ஒரு காலை, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, இருக்கையில் பழைய துண்டை விரித்து உட்கார்ந்து, கூரையைத் திறந்துவிட்டு ஐந்தருவிக்குப் போயிருக்கிறீர்களா? துண்டையும் மீறி இறங்கிய எண்ணெயில் அந்த இருக்கைத் தோல் கறுத்துப் பளபளவென்று ஆகிவிட்டது. மகளுக்கு ஏழெட்டு வயதிருக்கும், சாரலில் கூரையில்லாமல் போகும்போது கேட்டாள்: "அப்பா, மழை ஏன் நம்ம மேல விழல?" வேகமாகப் போனால் தூறல் தலைக்கு மேலேயே போய்விடும், நின்றால்தான் நனைவோம் என்றேன். "அப்ப நிக்காதீங்க!" என்று கத்தினாள். மேலகரம் வரை நிற்கவே இல்லை.

அவள் என்னோடு கத்திச் சிரித்த கடைசிக் காலம் அதுதான் என்று சொல்லலாம். பத்துப் பன்னிரண்டு வயதுக்குமேல் இங்கே பிள்ளைகள் நம் கையிலிருந்து மெல்ல நழுவிப்போகும். தமிழ் வகுப்புக்கு வரமாட்டேன் என்றாள். கோமதி என்ற என் அம்மாவின் பெயர் பள்ளிக்கூடத்தில் கோமி ஆகி, பிறகு வீட்டிலும் கோமி ஆனது. ஊருக்கு வா என்றால் பரீட்சை, நண்பர்கள், ஏதாவது ஒன்று. நான் திட்டியிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், ஒன்றும் பலிக்கவில்லை.

இந்த வருடம் தவக்களையை விற்றுவிட முடிவு செய்தேன். குற்றாலத்தில் லாட்ஜ் கட்டும் ஒருவர், வாசலில் பூந்தொட்டிகளுக்கு நடுவே நிறுத்தி வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள வைப்பேன் என்று கேட்டார். ஓடாத வண்டிக்குப் பிரேக் வேண்டாம், எனக்கும் நிம்மதி. அதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோதுதான் கோமதி போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அது என் காரும்தானே?"

படிப்பு முடிந்து வேலையில் சேர ஒரு மாதம் இருந்தது. தனியாகப் போய்வருகிறேன், விற்குமுன் ஒரு சீசன் ஓட்டிக்கொள்கிறேன் என்றாள். பத்து வருடம் கழித்து மகள் ஊருக்குப் போகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். பிரேக் ஹோஸை அவள் பெட்டியில் துணிகளுக்கு நடுவே நானே வைத்தேன். போன நாளிலிருந்து தினமும் படம் அனுப்பினாள். ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டரான அத்தானை, தெருவில் யாரும் நிமிர்ந்து பார்க்கத் தயங்கும் மனிதரை, "ஏலே மாமா" என்று கூப்பிடப் பழகியிருந்தாள். 'லே' மரியாதைக்குறைவு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவருக்கே அது பிடித்துப்போய்விட்டதாம்.

5

ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டுப் போனை உயிர்ப்பித்தேன். அக்காவிடமிருந்து வரிசையாக அழைப்புகள் வந்து கிடந்தன. அந்த வரிசையைப் பார்த்ததும் காலி பஸ்ஸின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். திருப்பிக் கூப்பிட்டேன். வீடியோவில் அக்காவின் பாதி முகம் வந்தது.

"ஏலே, ஒண்ணுமில்லலே, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்று ஆரம்பித்தாள். ஊரில் பேச்சு இப்படித் தொடங்கினால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

"கோமதி எங்க?"

"இந்தா நிக்கா. அவளுக்கு ஒண்ணுமில்ல. பொங்கப்பானையும் தப்பிச்சிட்டு. குதிரதான் போயிட்டு."

"எந்தக் குதிரை?"

"சாஸ்தா குதிரலே. மண்ணு குதிர. முன்னங்காலு ரெண்டும் போயிட்டு."

அத்தான் போனை வாங்கினார். எஃப்.ஐ.ஆர். எழுதுகிற நிதானத்தோடு சொன்னார். "மாப்ள, கேட்டுக்கோ. பூச முடிஞ்சு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு. மருமவ வண்டிய எடுத்தா. பழம் நசுங்குச்சு. நிறுத்துட்டின்னேன். மிதிக்கா, மிதிக்கா, பெடலு தரையத் தொடுது, வண்டி அதுபாட்டுக்குப் போவுது. நேர போயி சாமி குதிரயில முட்டி நின்னுட்டு. குதிர அப்படியே பானட்டு மேல சாஞ்சிட்டு. ஹோஸு வெடிச்சிருக்கு. பிரேக் ஆயிலு பூரா மண்ணுல."

ஆள் நடக்கிற வேகம். சமதரை. கோயில் வாசல். ஏறிப்போகையில் தாங்கிய ஹோஸ், இறங்கும் பாதைக்கு வருமுன் வெடித்திருக்கிறது. பூஜை போடாமல் இருந்திருந்தால், எலுமிச்சம்பழத்தில் ஏற்றாமல் நேராகத் திருப்பி வந்திருந்தால், அந்த ஹோஸ் வெடித்திருக்கக்கூடிய இடம் எதுவென்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து அந்த வளைவில்தானே நான் நின்றுகொண்டிருந்தேன். பூஜை போடாவிட்டால் அவர்கள் போயிருக்கவே மாட்டார்களே என்றும் தோன்றியது. இரண்டையும் சேர்த்து யோசிக்க என் மூளைக்குத் திராணி இல்லை. படியில் உட்கார்ந்தபடியே அழுதேன். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்த சகா ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு கப் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். என் பிள்ளையைப் பிடித்து நிறுத்தியது ஒரு மண் குதிரை.

6

கண்ணைத் துடைத்துக்கொண்டு கோமதியைக் கூப்பிடச் சொன்னேன். நெற்றியில் பெரிய குங்குமத்தோடு வந்தாள். முகம் வெளுத்திருந்தது, கண் மட்டும் பளபளத்தது.

"சாரி அப்பா. ரொம்பப் பயந்துட்டேன்."

"நானும்தான்."

"நீங்க எப்பவுமே பயப்படுவீங்க" என்றாள். சரிதானே.

கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. புது ஹோஸை எப்போது மாட்டப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது: "ஆடி கழியட்டும்லே!" ஆடி முழுக்க வண்டி நகராது. அதற்குள் மகள் இங்கே திரும்பிவிடுவாள். என் ஆயுளில் ஆடி மாதத்துக்கு நான் மனசார நன்றி சொன்னது அன்றுதான். லாட்ஜ்காரருக்கு இன்றே சொல்லிவிடுகிறேன், பானட்டில் அடிபட்டாலும் பரவாயில்லை, வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்றேன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது தெரிந்தது. கடைசியில் அத்தான் தொண்டையைச் செருமினார்.

"அது முடியாது மாப்ள. புள்ள நேந்துக்கிட்டா."

"என்னன்னு?"

"ஒடச்ச கையாலதான் புதுக் குதிர வைக்கணும்னு பூசாரி சொன்னாரு. சரின்னுட்டா. பங்குனி உத்தரத்துக்கு வந்து வைக்கேன்னு சூடத்துல அடிச்சுச் சொல்லிட்டா."

"வரட்டும் அத்தான், சந்தோஷம்தான். அதுக்கும் காருக்கும் என்ன?"

கோமதி குறுக்கிட்டாள். "தவக்களையிலதான் குதிரையைக் கொண்டு வருவேன்னு சொன்னேன் அப்பா. சாமிகிட்ட."

"யாரு அப்படிச் சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கா தோணிச்சுலே" என்றாள்.

அக்கா சிரித்த சிரிப்பு போனை அதிரவைத்தது. சாமிக்கு நேர்ந்ததை விற்கமுடியாது என்பது இங்கிலாந்தில் பிறந்த பெண்ணுக்கு யார் சொல்லித் தெரிந்ததோ, நான் கேட்கவில்லை. பத்து வருடமாக நான் கூப்பிட்டு வராதவள், பங்குனிக்கு வருகிறேன் என்று அவளாகவே சொல்லியிருக்கிறாள். வேலையில் சேருமுன்பே லீவு கேட்கப் போகிறாளாம்.

குதிரைக்குச் சொல்லியாகிவிட்டது. பெரிதாக வேண்டாம், இடுப்பளவு போதும் என்று பூசாரி சொன்னாராம். அதைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, மேலகரத்திலிருந்து மெதுவாக ஓட்டிப்போக வேண்டும். கோமதி எல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

"அப்ப நான்?" என்று கேட்டேன். "இருக்கதே ரெண்டு சீட்டு."

"நீங்க அத்தையோட ஆட்டோல வாங்க அப்பா."

ஆட்டோவில்தான் போவேன். சீசன் இல்லாத பங்குனி, பாதை வெறிச்சென்று இருக்கும். அந்தப் பாலத்து வளைவுக்கு முன்னால், எனக்கு முன்னே போகும் தவக்களையின் பின்புறத்தில் சிவப்பு விளக்கு இரண்டும் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், அக்காவின் கையைப் பிடித்தபடி. எரிந்தால் அவள் மிதித்துவிட்டாள் என்று அர்த்தம். இந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் முதல் வேலையாக இரண்டு பல்பு வாங்க வேண்டும்.